பெட்டிக்கு உள்ளே அச்சடித்த பெயர்

வேலையை விட்டுப் போகும்முன் இளையவர்களுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று மேலாளர் கேட்டுக்கொண்டார். நின்று பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதித் தருவதே எல்லோருக்கும் நல்லது. கோபம் உங்கள் மேல் இல்லை. இத்தனை வருடமாக நம் ஆய்வக மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "ஏனுங்க, வெறும் காகிதந்தானுங்களே, இதுல போயி என்னத்தைப் பார்க்கப் போறீங்க" என்று கேட்டார்களே, அவர்கள் மேல்.

நான் சேர்ந்த காலத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள்தான் நமக்குச் சோறு போட்டார்கள். ஜெர்மனிக்குப் போகும் சட்டையில் தடைசெய்த சாயம் ஏதும் இருக்கிறதா என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை அவர்கள் வாசலில் நடையாய் நடப்பார்கள். முகத்தில் ரத்தம் இருக்காது. எங்கோ ஒரு ஜெர்மன்காரர் முதுகில் படப்போகிற துணிக்கு அத்தனை கவலை. அதே ஆட்கள் எதிர்க்கடையில் சூடான பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்து, அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிட்டு, மை ஒட்டின பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "மேடம், ரிசல்ட் எப்ப வருமுங்க" என்பார்கள். நான் அந்தத் தாளைக் காட்டி ஏதாவது சொன்னால் சிரிப்பார்கள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எந்தக் கருவியை எப்படி இயக்குவது என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சென்னியப்பன் என்று ஒருவர். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், தறி நஷ்டமாகி, அதே கொட்டகையில் இனிப்புப் பெட்டி செய்ய ஆரம்பித்திருந்தார். நல்ல மனுஷர். பயந்த சுபாவம். பெட்டி அட்டையைச் சோதித்துத் தரச் சொல்லித் தானாகவே வந்த முதல் ஆள் அவர்தான். யாரோ ஒரு பேக்கரிக்காரர் கேட்டாராம். வெள்ளை அட்டை, இரண்டு பக்கமும் சுத்தமானது. கொடுத்ததைப் பார்த்தோம். குறை ஒன்றும் இல்லை. அச்சு எங்கே வரும் என்று கேட்டேன். "மேல் மூடிலதானுங்க மேடம். உள்ளாற யாருங்க அச்சடிப்பாங்க" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அச்சிடாத வெள்ளை அட்டைக்கு மட்டும் இந்த முடிவு பொருந்தும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உள்ளே யார் அச்சடிப்பார்கள் என்பது ஒரு மாதம் கழித்து எனக்குத் தெரிந்தது.

என் மகள் நித்யா அப்போது எல்.கே.ஜி. அவள் பள்ளிக்கு வெள்ளி விழா வந்தது. குழந்தைகள் எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்கும் பொறுப்பை, பழைய மாணவரான ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி ஏற்றுக்கொண்டார். பெயர் வேண்டாம், மோட்டார்காரர் என்றே சொல்கிறேன். விழாவுக்கு முதல் நாள் பள்ளியின் பின்புறத்திலேயே அடுப்பு மூட்டி, ஆள் வைத்து நெய் ஒழுகும் மைசூர்பாகு கிளறினார்கள். பெட்டியில் அடுக்கித்தர அம்மாமார்கள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். நானும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மத்தியானம் போனேன். நித்யாவை வழக்கம்போல் பன்னிரண்டு மணிக்கே ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், நாத்தனார் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் ஷகிலா. அவள் பையனும் அதே பள்ளிதான். உக்கடத்தில் அவள் வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. வாய் ஓயாது.

"ஏங்க்கா, இந்தப் பெட்டியைப் பாத்தீங்களா? உள்ளுக்குள்ள அடியில அவரு பேரப் போட்டிருக்காரு" என்று ஒன்றைப் பிரித்து நீட்டினாள்.

பெட்டியின் அடியில், இனிப்பு உட்காரும் இடத்தில், நல்ல அடர் மஞ்சள் கட்டம். அதற்கு நடுவே வெள்ளையாக விடப்பட்ட எழுத்தில் மோட்டார்காரர் பெயர், கம்பெனி பெயர், 'அன்பளிப்பு'.

"இது எதுக்குடி உள்ளே?"

"மேல போட்டா மூடியக் கிழிச்சு வீசிருவாங்களாம். உள்ள போட்டா தின்னு முடிக்கறப்ப பேரு கண்ணுல படுமாம். கோயில் டியூப் லைட்டுல வெளிச்சம் வராத அளவுக்குப் பேரு எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி. மூளைக்காரருக்கா."

சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். கையில் இருந்த துண்டு கைபொறுக்காத சூட்டில் இருந்தது. அதைப் பெட்டியில் வைத்தேன். பிறகு எதற்கென்று தெரியாமல், பழக்க தோஷம், எடுத்துப் பார்த்தேன். மைசூர்பாகு மஞ்சள். பெட்டியும் மஞ்சள். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அட்டையின் மேல் நெய் குளம் மாதிரி நின்றது. கைக்குட்டையின் நுனியால் அதை ஒற்றினேன். வெள்ளைக் கைக்குட்டை. எடுத்துப் பார்த்தால் நுனி எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாக இருந்தது.

மூடியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் அச்சடித்திருந்தார்கள்: 'ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட பெட்டி.'

இளையவர்களே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கையில் முடிவு இல்லை. எண் இல்லை. இருப்பது ஒரு கைக்குட்டை. மலிவான மஞ்சள் மையில் ஈயம் கலந்த நிறமி இருப்பது சாதாரணம் என்பது நமக்குத் தெரியும். வளரும் குழந்தையின் மூளையை ஈயம் மழுங்கடித்துவிடும் என்பதும் தெரியும். இந்த மையில் இருக்கிறதா என்பது மட்டும் தெரியாது. மறுநாள் காலை விழா. எதிரே நூற்றுக்கணக்கான பெட்டிகள், கட்டிக் கட்டி அடுக்கியாகிவிட்டது.

தலைமையாசிரியையிடம் போய் நிறுத்தச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிப்போர்ட் இருக்குதுங்களா?"

"இனிமேல்தான் சோதிக்கணும் மேடம்."

"ஏற்கனவே சோதிச்சதுன்னு போட்டிருக்குதே. உங்க ஆய்வகம்தானாமே. உங்க கையெழுத்துன்னு சென்னியப்பன் சொன்னாரு."

"அது வெள்ளை அட்டைக்கு மேடம். இந்த மைக்கு இல்லை."

"அப்ப மைக்கு ரிப்போர்ட் கொண்டு வாங்க, நிறுத்திடறேன்."

என் வேலைக்காலம் முழுவதும் ரிப்போர்ட்டை நம்பாத மனிதர்களோடு மல்லுக்கட்டினேன். ரிப்போர்ட் இல்லாமல் எதையும் நம்ப மாட்டேன் என்ற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் அறைத் தொலைபேசியிலேயே நம் அலுவலகத்துக்குப் பேசினேன். அப்போதிருந்த மேலாளர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நம்ம ரிப்போர்ட் கரெக்டா இருக்குதுல்லம்மா? அப்ப நமக்கு அதுல வேலை இல்ல. பார்ட்டி கேக்காம நாமளா எதுக்கு உள்ள போறது?" என்றார். அவர் சொன்னதில் விதிப்படி ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. அந்த மத்தியானம் யார் சொன்னதும் தப்பாக இல்லை. சென்னியப்பன் கேட்டதை அச்சடித்தார். நாம் கொடுத்ததைச் சோதித்தோம். பள்ளி ரிப்போர்ட்டை நம்பியது. எல்லாம் சரியாக நடந்து, மை குழந்தைகளின் வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மிச்சப் பெட்டிகளோடு சென்னியப்பன் டெம்போவில் வந்து இறங்கினார். கைக்குட்டையைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"நான் சொன்னனுங்க மேடம், உள்ள வேண்டாமுன்னு. அவருதான் கேக்கலீங்க. அவசரம், அச்சாபீஸ்ல மை காயறதுக்குள்ளயே கட்டி அனுப்பிச்சுபோட்டாங்க. அட்டைதான் பாஸ் ஆயிருச்சேன்னு நானும் இருந்துபோட்டனுங்க."

"அட்டையை யாரும் நக்க மாட்டாங்க சென்னியப்பன். நெய்யைத்தான் நக்குவாங்க."

"பெரிய மனுஷங்க சொன்னா நான் என்னங்க பண்றது?"

பெரிய மனுஷரே சற்று நேரத்தில் வந்தார், அடுப்பு வேலையைப் பார்வையிட. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தலைமையாசிரியை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"ஏனுங்க அம்மணி, நாங்கெல்லாம் பட்டறையில பெயிண்ட் டப்பாவைக் கழுவிப்போட்டு அதுலயே தண்ணி குடிச்சவனுங்க. எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

"உங்களுக்கு ஆகலீங்க. நாலு வயசுக் குழந்தைக்கு அப்படி இல்லீங்க."

"நெய்யி சுத்தமான நெய்யிங்க. ஊத்துக்குளியில இருந்து வர வெச்சது."

"நெய் நல்லதா இருக்கறதாலதாங்க மை அதுல கரைஞ்சு வருது."

"அட, மைய விடுங்க. உங்க படிப்புக்கு நான் எதிர் பேசலீங்க. கண்ணுல காட்டுங்க, ஒத்துக்கறேன்."

சரி என்றேன். நம் ஆய்வகம் அங்கிருந்து தூரமில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் கண்ணில் படாமல் சோடியம் சல்பைடு கரைசலைச் சொட்டுப் புட்டியில் ஊற்றிக்கொண்டு வந்தேன். இது முறையான சோதனை இல்லை, உங்களுக்கே தெரியும். எவ்வளவு இருக்கிறது என்று இது சொல்லாது. ஆனால் மஞ்சள் கறுத்தால் ஈயமாகத்தான் இருக்கும். நான் அதை நியாயப்படுத்தவில்லை. கையில் நேரமே இல்லாதபோது, சின்னச் சோதனையைச் சின்னச் சோதனை என்று சொல்லியே செய்துகாட்டலாம் என்கிறேன். சொல்லாமல் செய்வதுதான் பித்தலாட்டம்.

மேஜை மேல் பெட்டியைப் பிரித்து வைத்தேன். சுற்றி அம்மாமார்கள். புட்டியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது.

"யா அல்லா, இதுக்கு அந்த மையே தேவலைக்கா" என்று ஷகிலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மஞ்சள் கட்டத்தில் ஒரு சொட்டு விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகி, கறுத்தது. இன்னொரு சொட்டு. அதுவும். மோட்டார்காரர் பெயரைச் சுற்றிலும் அடுப்புக்கரி பூசின மாதிரி ஆகிவிட்டது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ர பேரைக் கரியாக்கிப் போட்டீங்களே அம்மணி."

"கரியானது உங்க பேரு இல்லீங்க, அதைச் சுத்தி இருக்கற மையிங்க."

நிமிர்ந்து அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு சமையல்காரரைக் கூப்பிட்டு, பெட்டிக்குள் போனது அத்தனையையும் குழி வெட்டிக் கொட்டச் சொன்னார். ராத்திரியே புதிதாகக் கிளறுங்கள், வாழை இலையில் வைத்துக் கொடுங்கள் என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. அப்போது தலைமையாசிரியை பக்கம் திரும்பி, "இலையில பேருப் போட முடியாதுங்களே. மைக்குல சொல்லிப்போடுவீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லிடறோமுங்க."

"ஒருக்காச் சொன்னாப் பத்தாதுங்க. கிளாஸ் கிளாஸாச் சொல்லோணும்."

மீதிப் பாதி கோபமும் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்திவிட்டோம், அது போதும் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷகிலா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்போதுதான் பள்ளி ஆயா வந்து தலைமையாசிரியையிடம் கேட்டார்: "ஏனுங்க டீச்சரம்மா, அப்ப மத்தியானம் குடுத்ததுக்கு என்னங்க பண்றது?"

"எது மத்தியானம் குடுத்தது?"

"எல்.கே.ஜி. புள்ளைகளுக்குங்க. நாளைக்குக் கூட்டத்துல சின்னஞ்சிறுசுக வேண்டாம்னு சொன்னீங்களே. அதான் வூட்டுக்குப் போறப்பவே ஆளுக்கு ஒரு பெட்டி கையில குடுத்து உட்டமுங்க. மொத ஈடுல கிளறுனதுங்க, சுடச்சுட இருந்துச்சு."

தண்ணீர் டம்ளரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. மொபெட்டில் போனது நினைவிருக்கிறது. சிங்காநல்லூர் சிக்னலில் நின்றதும், எனக்கு முன்னால் நின்ற பேருந்தின் பின்புறம் மஞ்சளாக இருந்ததும் நினைவிருக்கிறது. வேதியியல் படித்த மூளை ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது: ஒரு தடவைதான், ஒரு துண்டுதான், கரைவது கொஞ்சம்தான், உடம்பில் சேர்வது அதிலும் கொஞ்சம்தான். இன்னொரு பக்கம் எதையும் கேட்கவில்லை.

நித்யா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி மடியில். என்னைப் பார்த்ததும் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, காலி."

"முழுசும் தின்னியா கண்ணு?"

"அத்தைக்குக் கொஞ்சோண்டு குடுத்தேன். அடியில இனிப்புத் தண்ணி இருந்துச்சும்மா, அதையும் தின்னேன்."

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். அடியில் இருந்த மஞ்சள் கட்டம் பல இடங்களில் வெளுத்து அட்டை தெரிந்தது. எழுத்துகளின் ஓரம் கலைந்து, பெயரைப் படிக்க முடியவில்லை. நாக்கு எட்டிய இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. மூலைகளில் மட்டும் மஞ்சள் மிச்சம்.

அவளை வாஷ்பேசின் பக்கத்தில் தூக்கி நிறுத்தி வாயைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். அவள் அழ ஆரம்பித்தாள். "குழந்தையைப் போட்டு எதுக்கு அண்ணி இந்தப் பாடு படுத்தறீங்க, மிட்டாய்தானே தின்னா" என்றார் நாத்தனார்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஒரு தடவைக்கெல்லாம் ஒன்றும் ஆகாதுங்க, பால் கொடுங்க, நீங்கள் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குங்கள் என்றார். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். இந்த ஊரில் அதற்கு வசதி இல்லை என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏற்றுமதிச் சட்டைக்கு இந்த ஊரில் எல்லா வசதியும் இருந்தது.

அன்று சாயந்தரம் தலைமையாசிரியையும் நானும் பள்ளியில் இருந்த எண்களுக்கெல்லாம் பேசினோம். தொலைபேசி இல்லாத வீடுகளுக்கு ஷகிலாவின் வீட்டுக்காரர் போய் வந்தார். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "தின்னாச்சுங்க. நல்லா இருந்துதுங்க. எந்தக் கடையிதுங்க?" ஏன் கேட்கிறோம் என்று விளக்கினால், "காகிதந்தானுங்களே" என்றார்கள். ஒரே ஒரு வீட்டில், அலமாரியில் வைத்திருந்த பெட்டியை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, போட்டாச்சுங்க என்று சொல்லவே திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வீட்டுக்காரர்களை நான் இன்னும் கும்பிடுகிறேன்.

பிறகு அந்த மையை முறையாகச் சோதித்தேன். ஈயம் இருந்தது. கேட்காத பார்ட்டிக்கு ரிப்போர்ட் எதற்கு என்று மேலாளர் கேட்டார். பெற்றவள் கேட்கிறேன், என் பெயருக்குப் போடுங்கள் என்றேன். சென்னியப்பனுக்கு ஒரு நகல் கொடுத்தேன். அவர் அதன் பிறகு வெறும் அட்டையைக் கொண்டுவந்ததே இல்லை. அச்சடித்து, மடித்து, சமயத்தில் உள்ளே ஒரு சூடான ஜாங்கிரியோடு கொண்டுவருவார். "இப்பப் பாருங்க மேடம், திங்கறாப்புலயே கொண்டாந்திருக்கறனுங்க." அவர் ஒருவர் திருந்தினார். ஊரில் மற்றவர்கள் இன்னும் வெள்ளை அட்டையைத்தான் கொண்டுவருகிறார்கள். நீங்கள் அதை வாங்கிக்கொண்டு சோதிக்கத்தான் போகிறீர்கள். சோதியுங்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள்: உள்ளே என்ன வைப்பீர்கள், எத்தனை சூட்டில், எண்ணெயா தண்ணியா, அச்சு எங்கே, யார் தின்பார்கள், கடைசியில் பெட்டியை நக்குவது யார். கடைசிக் கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள். அவர் சொன்ன பதிலையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முடிந்த பெட்டி ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நான் ஏன் இத்தனை சீக்கிரம் வேலையை விடுகிறேன் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சாயந்தரங்களில் வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நித்யா இப்போது நாலாம் வகுப்பு. நன்றாக ஓடுகிறாள், நன்றாகச் சண்டை போடுகிறாள், கணக்கு மட்டும் கொஞ்சம் தகராறு. அந்த வயதில் தனக்கும் அப்படித்தான் இருந்தது என்று என் கணவர் சொல்கிறார். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்று டீச்சர் சொல்கிறார். ஒரு மைசூர்பாகால் இது வராது என்று நான் படித்த படிப்பு சொல்கிறது. எல்லோரும் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும்போது, "ஏழெட்டு?" என்று கேட்டுவிட்டு, அவள் மேலே பார்த்து யோசிக்கிற அந்த நேரம் முழுக்க நான் மூச்சு விடுவதில்லை.